நாலு வீட்டு விசாரணை

“நாலு வூட்ல விசாரிப்பாங்க. அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு, சம்பந்தம் பேச வந்த மாதா கோயில் உபதேசியார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அவருக்கென்ன, போய்விட்டார். லாசர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாலு வீடு! குளத்துமேட்டில் மொத்தம் அறுபது வீடு இருக்கும். அதில் லாசருக்குப் பேச்சுவார்த்தை இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய வீடு. அங்கேயும் சில நாள் இருக்காது.

“இன்னாவாம்?” என்று உள்ளேயிருந்து வந்தாள் அவர் மனைவி சவரியம்மாள்.

“தண்டலத்துலேருந்து வராங்களாம். மாப்பிள்ளையோட அத்தை, அன்னபுஷ்பம்னு பேராம். இந்த வாரத்துல ஏதோ ஒரு நாளு. என்னைக்குன்னு சொல்ல மாட்டாங்களாம். நேரா நம்ம வூட்டுக்கும் வர மாட்டாங்களாம். மொதல்ல ஊர்ல நாலு வூட்ல தண்ணி வாங்கிக் குடிச்சி, நம்மளப் பத்தி விசாரிப்பாங்களாம்.”

“விசாரிக்கட்டுமே.”

“விசாரிக்கட்டுமேவா? மாங்காட்டுக்காரங்க வந்து விசாரிச்சாங்களே, மறந்துட்டியா?”

அதை மறக்க முடியுமா? போன தை மாசம் மாங்காட்டிலிருந்து இரண்டு ஆண்கள் வந்து, கண்ணப்பன் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டார்கள். கண்ணப்பன் உண்மையைத்தான் சொன்னார். “காம்பவுண்டு வூட்டுக்காரரா? பதினோரு வருசமா இந்தப் பக்கமாத்தான் போறாரு, வராரு. நல்லவரா கெட்டவரான்னு பேசினாத்தானே தெரியும்?” வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

மாங்காட்டு மாப்பிள்ளை போனதில் லாசரின் மகள் அற்புதமேரிக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் தண்டலத்துச் செல்வநாதன் வேறு. அவன் லைன்மேன். மாதா கோயில் திருவிழாவுக்கு சீரியல் விளக்குப் போட வந்தவன், கம்பத்தின் மேலே இருந்தபடியே இவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்திருக்கிறான். இவளும் கீழே இருந்து சிரித்திருக்கிறாள். அவன் போட்டோ இப்போது இவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது.

“எனக்கு இவருதாம்ப்பா” என்று அவள் நேராகவே சொல்லிவிட்டாள். “இதுவும் போச்சின்னா இனிமே யாரையும் கூட்டிக்கினு வராதீங்க.”

ஒரே பெண். அவள் கண் கலங்கினால் லாசருக்குச் சோறு இறங்காது.

லாசர் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னோடு சண்டைக்கு வராதீர்கள். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். சீட்டு இல்லாமல் ஒரு திருகாணி வெளியே போகாது. மேனேஜரே வந்து நின்றாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார். அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். கோளாறு அங்கேதான்.

வீடு கட்டி, சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக் குடிவந்த அன்றே சவரியம்மாளிடம் சட்டம் சொல்லிவிட்டார். “நம்ம வூட்ல எல்லாம் கீது. நாம யாருகிட்டயும் போய் நிக்க வேணாம். நம்மகிட்டயும் எவளும் மோருக்கும் கறிவேப்பிலைக்கும் வந்து நிக்க வேணாம். வெளிய போன சாமான் திரும்பி வராது. நான் பாக்காத ஸ்டாக்கா?”

“சரிங்க” என்றாள் சவரியம்மாள். அவள் எதற்குமே சரிங்க என்றுதான் சொல்வாள்.

அதோடு விட்டாரா? காஞ்சிபுரத்துக்குப் போய் அண்டா, குண்டா, தவலை, பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர் எல்லாம் வாங்கி, கடைக்காரர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றிலும் ‘லா. சவரியம்மாள்’ என்று பேர் வெட்ட வைத்தார். “அடியில வெட்டிடட்டுங்களா?” என்று கடைக்காரர் கேட்டதற்கு, “வெளிய தெரியற மாதிரி வெட்டுய்யா. எடுக்கறவன் கண்ணுல மொதல்ல அதான் படணும்” என்றார். ஊருக்கு வந்து ஏணிக்கும் கடப்பாரைக்கும் சிவப்புப் பெயிண்டில் அதே பேரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சமையலறையில் நின்று ஸ்டாக் பார்ப்பார். பதினோரு வருஷத்தில் ஒரு டம்ளர்கூடக் குறைந்ததில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

இப்போது அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாலு வீட்டில் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல ஆள் வேண்டும். அதுவும் இந்த வாரத்துக்குள்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனவர், கேன்டீன் சூப்பர்வைசர் இராமச்சந்திரனிடம் மனம்விட்டுச் சொன்னார். இராமச்சந்திரன் ஊரோடு ஒட்டி வாழ்கிற மனுஷன்.

“இதுக்கா இப்படி மொகத்தைத் தொங்கப் போட்டுக்கினு கீறே?” என்றார் அவர். “ரொம்ப சுளுவு. நாலு வூட்டுக்குப் போ. ஆளுக்கு ஒரு சாமான் இரவல் கேளு.”

“நானா? இரவலா?”

“ஆமாம்பா. ஒருத்தனுக்கு நீ குடுத்தா அவன் உன்னை மறந்தாலும் மறப்பான். உனக்கு அவன் குடுத்தான்னு வச்சிக்கோ, மறக்கவே மாட்டான். ‘லாசரா, நம்ம வூட்டு அண்டாவைத்தானே எடுத்துக்கினு போனாரு, நம்மாளாச்சே’ன்னு தானா பேசுவான். நான் எங்க ஊர்ல இப்படித்தான் பஞ்சாயத்து மெம்பரே ஆனேன்.”

லாசருக்கு இது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. இருந்தாலும் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் லீவு.

சாயங்காலம் அதைச் சொன்னபோது சவரியம்மாள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

“ஒரு வாரமா? பகல்லயா?”

“லீவு பகல்லதாண்டி போடுவாங்க.”

“நாளைக்கேவா? வூட்லயேவா இருக்கப் போறீங்க?”

“ஏன், இருக்கக் கூடாதா?”

“சேசுவே! நான் எங்க அப்படிச் சொன்னேன்?” என்று சொல்லிவிட்டு, அவள் அவசரமாகப் புழக்கடைப் பக்கம் போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை லாசர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு இரவல் கேட்கக் கிளம்பினார். முதல் வீடு எதிர்வீடு. மீனம்மாள் வாசலில் கல் அடுப்பு மூட்டி நெல் அவித்துக்கொண்டிருந்தாள். லாசர் தன் கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டாள்.

“மீனம்மா, நல்லா கீறியாம்மா?” என்றார் லாசர். அந்த வாக்கியத்தை வீட்டில் மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“கீறேண்ணே” என்றாள் மீனம்மாள். 

“ஒண்ணுமில்ல. ஒரு அண்டா வேணும்.”

மீனம்மாள் முகத்தில் ரத்தமே இல்லை. அடுப்புக்கு முன்னால் நகர்ந்து, புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். “அண்டாவா? எந்த அண்டா? எங்க வூட்ல அண்டாவே கெடையாதுண்ணே!”

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

“அப்போ பின்னால இன்னா கொதிக்குது?”

“அது... அது சும்மா ஆவிண்ணே.”

லாசருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு அண்டா கேட்டால் இப்படியா மறைப்பது? சரி, பெரிதாகக் கேட்டது தப்பு, சின்னதாக ஆரம்பிப்போம் என்று பக்கத்துச் சந்திரம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பினார். ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. அடுத்த நொடி தலை காணோம். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே பாத்திரங்கள் கடகடவென்று உருண்டன. யாரோ எதையோ அள்ளி எங்கேயோ போடுகிற சத்தம்.

“சந்திரம்மா, ஒரு டம்ளர்...” என்றார் லாசர், மூடின கதவைப் பார்த்து.

உள்ளே உருளல் இன்னும் அதிகமாயிற்று.

கேட்டுவிடுவேனோ என்று பாத்திரத்தையெல்லாம் ஒளித்து வைக்கிறாள்! லாசருக்கு அவமானத்தில் காது சூடேறியது. கோபம் வரவில்லை. பதினோரு வருஷம் நான் கதவைச் சாத்தினேன், இன்றைக்கு இவள் சாத்துகிறாள், நியாயம்தானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அதிகமாக வலித்தது.

ஆனாலும் மகளுக்காக மூன்றாவது வீட்டுக்குப் போனார். தாண்டவராயன் வீட்டில் கூரை மாற்றுகிற வேலை. வியாழக்கிழமை ஆடிக் கிருத்திகை. வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி செலுத்திவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்தத் தெருவே நீர்மோரும் சோறும் கொடுக்கும். அதற்குள் கூரையை முடித்துவிட வேண்டுமென்று தாண்டவராயன் ஏணியில் பாதியில் நின்று கீற்று எடுத்துக் கொடுக்க, அவர் மச்சான் சுப்பிரமணி உச்சியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தான்.

லாசர் வாய் திறக்கவேயில்லை. வாசலில் கால்தான் வைத்தார். தாண்டவராயன் அவரைப் பார்த்தார், ஏணியிலிருந்து குதித்தார், ஏணியைத் தோளில் தூக்கினார், கொல்லைப்பக்கமாக ஓடியே போய்விட்டார்.

“இன்னும் கேக்கவே இல்லியேய்யா!” என்று லாசர் கத்தினார்.

“மாமா! ஏணி! நான் மேல கீறேன் மாமா!” என்று சுப்பிரமணி உச்சியிலிருந்து கத்தினான்.

லாசருக்கு ஒரே யோசனைதான் வந்தது. கீழே கிடந்த வைக்கோலை வாரிக் குவித்து, “பயப்படாம குதிப்பா, நான் புடிச்சிக்கிறேன்” என்று இரண்டு கையையும் விரித்து நின்றார். சுப்பிரமணி குதித்தான். வைக்கோலிலும் விழவில்லை, லாசர் கையிலும் விழவில்லை. எரு மேட்டில் விழுந்தான். பாதி ஊர் வந்து கூடிவிட்டது. கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டே போன சுப்பிரமணி, “ஏணி வேணும்னா கேட்டு வாங்கிக்கினு போலாமே சார், மனுசனை ஏன் மேல வுட்டு வெளையாடறீங்க?” என்று அழமாட்டாக் குறையாகக் கேட்டான்.

வீட்டுக்கு வந்தால் புழக்கடைக் கதவோரம் சவரியம்மாள் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். “இப்ப வேணாம், போ. அவரு வூட்ல கீறாரு. அவரு இருக்கற வரைக்கும் ஒருத்தரும் வராதீங்க.”

லாசர் நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் இருக்கிறேன் என்றால் என் வீட்டு வாசலை மிதிக்கவே ஊர் பயப்படுகிறது. இந்த லட்சணத்தில் தண்டலத்து அத்தை வந்து நாலு வீட்டில் கேட்டால் என்ன ஆகும்? கதவைத் திறக்கிற வீடே நாலு தேறாதே!

புதன்கிழமை கண்ணப்பன் டீக்கடைக்குப் போனார். நேற்று நடந்ததைச் சரிசெய்ய அதுதான் இடம் என்று நினைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து அவருக்கு இடம் விட்டார்கள். 

“எல்லாருக்கும் டீ போடு கண்ணப்பா. என் கணக்கு” என்றார் லாசர் சத்தமாக.

கடையில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கோழிப் பண்ணை ரத்தினம் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சார், கம்பெனியை மூடிட்டாங்களா?”

“மூடறதா? நான் லீவுல கீறேன்.”

“எங்க மாமனாரும் லீவுன்னுதான் சொன்னாரு. ஆறு மாசம் கழிச்சித்தான் வேலை போன விசயமே எங்களுக்குத் தெரியும். மறைக்காதீங்க சார். வேலை நாள்ல வூட்ல கீறீங்க. வூடு வூடா அண்டா கேக்கறீங்க, டம்ளர் கேக்கறீங்க. ஊருக்கே தெரிஞ்சி போச்சி.”

“அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லய்யா! இதோ பாரு, எல்லாருக்கும் டீ வாங்கித் தரேனே!”

“அதான் சார் எங்களுக்கு வயித்தைக் கலக்குது” என்றார் ரத்தினம். கண்ணப்பன் காசு வாங்கவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “கஷ்ட காலத்துல கை நீட்டி வாங்கினா எனக்கு ஒட்டுமா சார்?” சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி வாட்ச்மேன் வேலை காலி இருக்கிறதாம், ரத்தினம் துண்டுக் காகிதத்தில் விலாசம் எழுதி லாசர் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

போச்சு! நேற்றுவரை பேசாத மனுஷன், இன்றைக்கு வேலை இல்லாத மனுஷன். எந்த அத்தை பெண் எடுப்பாள்?

சாயங்காலம் அதைவிடப் பெரிய கூத்து. துருப் பிடித்த வாசல் கேட் கிரீச்சிட்டது. மீனம்மாள் ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு ஓடினாள். மறுபடியும் கிரீச். தாண்டவராயன் ஒரு மரக்கால் அரிசி. கிரீச். சந்திரம்மாள் கை நிறைய முருங்கைக்காய். நொண்டிக்கொண்டே சுப்பிரமணிகூட நாலு கத்தரிக்காய் கொண்டு வந்தான். விளக்கு வைப்பதற்குள் வாசல்படி சந்தை மாதிரி ஆகிவிட்டது.

லாசர் அந்தப் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். 

“சவரி, நான் இவங்களுக்கெல்லாம் ஒரு வாய் மோருகூடக் குடுத்ததில்லயே. எனக்குக் கஷ்டம்னு நெனச்சிக்கினு கொண்டாந்து கொட்டறாங்களே, எதுக்குடி?”

“நல்ல ஜனங்க” என்றாள் சவரியம்மாள், உத்தரத்தைப் பார்த்தபடி. அற்புதமேரி வாயில் தாவணியை வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாள் என்று லாசர் நினைத்தார்.

“இதை இப்படியே வுடக் கூடாது” என்றார் லாசர். “வாங்கினா திருப்பிக் குடுக்கணும். நாளைக்குக் கிருத்திகை. தெருவுக்கே பாயசம் காய்ச்சி ஊத்தப் போறேன். நம்ம பெரிய அண்டாவை எடு.”

சவரியம்மாள் எச்சில் விழுங்கினாள். “அண்டா... ஈயம் பூசக் குடுத்திருக்கேங்க.”

“அப்போ தவலை?”

“அதுவும் ஈயம்தாங்க.”

“சரி, ஊத்திக் குடுக்க அந்த எவர்சில்வர் டம்ளருங்களையாவது எடுத்து வை.”

“அதுவும்...”

“எவர்சில்வருக்கு எவண்டி ஈயம் பூசுவான்?”

“கூடவே பூசித் தரேன்னு சொன்னாங்க. நான் சரின்னுட்டேன்.”

வேறு நாளாக இருந்தால் லாசர் சீட்டு எங்கே, கையெழுத்து எங்கே என்று வீட்டையே புரட்டிப் போட்டிருப்பார். அன்றைக்கு அவருக்கு மனசு சரியில்லை. என்னமோ போ என்று புழக்கடைக்குப் போய், கிணற்றடியிலிருந்த புது இரும்பு வாளியைத் தேய்த்துக் கழுவினார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். வாசல் கேட் கீல் முழுக்கத் துரு. புழக்கடைக் கதவுக் கீல் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஒரே நாளில் வாங்கின ஒரே கம்பெனிக் கீல் எப்படி இப்படி ஆகும் என்று ஸ்டோர் கீப்பர் மூளை ஒரு நிமிஷம் யோசித்தது. அப்புறம் பாயசக் கவலை வந்து அதை அமுக்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் முந்திரியும் ஏலக்காயும் மணக்க மணக்க ஒரு வாளிப் பாயசத்தைத் தூக்கிக்கொண்டு லாசர் தெருவில் இறங்கினார்.

“மீனம்மா, பாயசம் எடுத்துக்கோ.”

“விரதம்ணே. கிருத்திகை ஆச்சே. பொழுது சாய்ஞ்சப்புறந்தான் வாயில தண்ணிகூட.”

தாண்டவராயன் விரதம். சந்திரம்மாள் விரதம். அவள் கதவைத் திறந்து சொன்னாள், அந்த அளவில் முன்னேற்றம். டீக்கடையே சாத்தியிருந்தது. பண்டிகை நாளில் காலையிலேயே பாயசம் ஊற்றினால் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள் என்று நினைத்தாரே தவிர, பக்கத்து வீடு எந்த நாளில் சாப்பிடும், எந்த நாளில் சாப்பிடாது என்பது பதினோரு வருஷத்தில் அவருக்குத் தெரியாது. காவடிக்காரர்களும் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். தெரு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, கை கடுக்க, ஆடை படிந்த பாயசத்தோடு லாசர் தாண்டவராயன் வீட்டு நிழலில் நின்றார். சட்டையெல்லாம் ஈரம்.

“ஏம்பா, ஒரு நிமிசம்.”

திரும்பினார். கறுப்புக் குடை, கையில் துணிப் பை, மணிக்கட்டில் ஜெபமாலை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நடையிலேயே அதிகாரம் தெரிந்தது.

“நான் தண்டலத்துலேருந்து வரேன். இங்க லாசர்னு ஒருத்தராமே. நாலு வூட்டுக்குப் போய்ட்டேன். நீங்க அஞ்சாவது. அவரு எப்படிப்பட்ட மனுசன்?”

 அன்னபுஷ்பம் அத்தை! நாலு வீடு முடிந்துவிட்டது! எந்த நாலு வீடு என்று கேட்கவே வேண்டாம். ஒருத்தி அண்டாவை மறைத்தவள், ஒருத்தி கதவைச் சாத்தினவள், ஒருத்தர் ஏணியோடு ஓடினவர், ஒருத்தர் வாட்ச்மேன் வேலை பார்த்துக் கொடுத்தவர். இனி மிச்சம் இருப்பது இந்த அஞ்சாவது சாட்சிதான். முப்பது வருஷ சர்வீசில் ஒரு பொய் எழுதாத லாசர் கண்ணை மூடிக்கொண்டார்.

“லாசரா? தங்கமான மனுசன்.”

“அப்படியா? யாருகிட்டயும் பேசவே மாட்டாருன்னு மாங்காட்டுக்காரங்க சொன்னாங்களே.”

“பேச்சி கம்மி. மனசு பெருசு.”

“கை கொஞ்சம் இறுக்கமாமே?”

“யாரு சொன்னது? அள்ளி அள்ளிக் குடுப்பாரு. வேணாம்னாலும் வுட மாட்டாரு.” வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“நீங்க அவருக்கு இன்னா வேணும்?”

“நானா? ரொம்ப வேண்டியவன்.”

இன்னும் முடியாத கூரையின் உச்சியிலிருந்து சுப்பிரமணியின் அலறல் வந்தது. “லாசர் சார்! கால் இன்னும் ஆறல சார்! இன்னைக்கும் ஏணிகிட்ட வராதீங்க, லாசர் சார்!”

அன்னபுஷ்பம் அத்தை மேலே பார்த்தார். கீழே பார்த்தார். லாசரைத் தலைமுதல் வாளிவரை பார்த்தார்.

“வாங்க. வூட்டுக்குப் போலாம்” என்றார்.

அந்த நூறு அடி தூரம் லாசர் வாளியோடு நடந்த நடையை யாரும் பார்த்திருக்கக் கூடாது. வீட்டில் அற்புதமேரி அத்தையைக் கண்டதும் கதவோரம் ஒதுங்கி நின்றாள். சவரியம்மாள் தண்ணீர் கொண்டுவரப் போனாள். போனவள் வரவே இல்லை. உள்ளே எதையோ தேடித் தேடி, கடைசியில் அரிசி அளக்கிற ஆழாக்கில் தண்ணீர் கொண்டுவந்து, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினாள்.

அத்தை ஆழாக்கை நாலு பக்கமும் பார்த்தார்.

லாசரால் தாங்க முடியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

“அம்மா, நான் சொன்னதெல்லாம் பொய். லாசர் தங்கமும் இல்ல, வெள்ளியும் இல்ல. பதினோரு வருசமா இந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஒரு சாமானும் குடுக்காதவன். எங்க வூட்டுக்காரியையும் குடுக்க வுடாதவன். நாலு வூட்லயும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க, அவங்க மேல தப்பே இல்ல. ஆனா எம் பொண்ணு அவங்க அம்மா மாதிரி. இந்த அப்பனுக்காக அவளை வேணாம்னு சொல்லிடாதீங்கம்மா.”

அற்புதமேரி ஓவென்று அழுதேவிட்டாள்.

அன்னபுஷ்பம் அத்தை ஆழாக்குத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். துணிப் பையைத் திறந்து, வாழையிலையில் மடித்து வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார். எழுந்து போய் அற்புதமேரியின் தலையில் வைத்து, அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். லாசருக்கு ஒன்றுமே ஓடவில்லை.

“நாலு வூட்லயும் அப்படி இன்னாதாம்மா சொன்னாங்க?” என்றார், நாக்குக் குழறி.

“நான் எங்கேய்யா விசாரிச்சேன்?” என்றார் அத்தை. “மொத வூட்ல தண்ணி கேட்டேன், ‘லா. சவரியம்மாள்’னு பேர் வெட்டின டம்ளர்ல குடுத்தாங்க. நாலு வூட்லயும் அதே பேரு. நீங்க ஸ்டாக் பாக்கற ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் இங்க திரும்பி வந்துடுமாம். இந்த ஊர்லயே அந்த டம்ளரு இல்லாத வூடு உங்க வூடு ஒண்ணுதான்!”